காலாட்ட ஒரு குழி, கையில் ஒரு காகிதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பெரிய பேச்சாளி இல்லை. குழுக்கூட்டத்துல தீர்மானம் வாசிச்சதுதான் நான் மைக் இல்லாம பேசின பேச்சு. "மலருக்கு ஒரு உரை வேணும், நீ வாடகை வீட்டைப் பத்திப் பேசு"ன்னு ஊக்குநர் அக்கா சொன்னாங்க. "அதுல பேச என்னக்கா இருக்கு?"ன்னு கேட்டேன். "பதினாலு வருஷத்துல அஞ்சு வீடு மாறினவ நீ. உனக்கு இல்லாத பேச்சா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன்.

நம்ம ஊரைப் பத்தி ஒரு பழமொழி இருக்கு. எல்லாருக்கும் தெரியும். காஞ்சிபுரம் போனா காலாட்டிப் பிழைக்கலாம். வெளியூர்க்காரங்க இதைக் கேட்டுட்டு, இந்த ஊர்ல சும்மா உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தாலே சோறு கிடைக்கும்னு நினைச்சுக்குவாங்க. தறிக்குழியில காலை விட்டு மிதிக்கிறதைத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு நமக்குத் தெரியும். ஆனா அந்தப் பழமொழி ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுடுச்சு. காலாட்டணும்னா குழி வேணும். குழி தோண்டணும்னா தரை வேணும். அந்தத் தரை யாருது? என் பேச்சு இந்த ஒரு கேள்விதான்.

"வீட்டுக்காரர்"னு சொன்னா நம்ம பேச்சுல ரெண்டு பேரைக் குறிக்கும். ஒருத்தர் தாலி கட்டினவர். இன்னொருத்தர் வாடகை வாங்குறவர். ரெண்டு பேர்கிட்டயும் குரலை இறக்கித்தான் பேசிப் பழகியிருக்கோம். குழப்பம் வேண்டாம், இனிமே வாடகை வாங்குறவரை ஓனர்னே சொல்றேன். இந்த மண்டபத்துல வாடகை கொடுக்கிறவங்களும் இருக்கீங்க, வாங்குறவங்களும் இருக்கீங்க. ரெண்டு பேரும் கேட்கணும்னுதான் பேசறேன்.

மத்த ஊர்ல வாடகை வீடு பார்க்கிறவங்க தண்ணி வருதா, காத்து வருதா, பஸ் ஸ்டாண்டு பக்கமான்னு பார்ப்பாங்க. நாம பார்க்கிறது வேற. தரை வீடா இருக்கணும், மாடி ஆகாது. ஒரு கூடம் நீளமா இருக்கணும். தறி ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம் வைக்க இடம் வேணும். ஜக்காடு பெட்டி நிக்கிற அளவுக்குக் கூரை உயரம் வேணும். ஜரிகை நிறம் தெரிய வெளிச்சம் வேணும். பாவு தோய்க்கத் தெரு நீளமா, நேரா இருக்கணும். எல்லாத்துக்கும் மேல, தரையை உடைச்சுக் குழி தோண்ட ஓனர் சம்மதிக்கணும்.

இதுல எது இருந்தாலும் கடைசியில ஓனர் கேட்கிற கேள்விகள் ஒண்ணுதான். எத்தனை பேர்? தறி உண்டா? அட்வான்ஸ் எப்போ தருவீங்க? இதுக்கு நடுவுல, குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" இந்த நாலாவது கேள்வியைக் கேட்டு முகம் சுருங்காத பொம்பளை இங்கே எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லலை. மனசுக்குள்ள நினைச்சுப் பாருங்க.

கல்யாணமாகி நாங்க எடுத்த முதல் வீடு வேகவதி ஆத்துப் பக்கம். ஏன் அங்கே? வாடகை குறைவு, தறிக்குழிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. ஊருக்குள்ள பெரிய பெரிய கோபுரம், அகலமான ராஜவீதி, அதை ஒட்டி விலை ஏறின மனை. காசு குறைஞ்சவங்க தள்ளித் தள்ளி ஆத்தங்கரைக்குத்தான் போய்ச் சேருவாங்க. ஆறுன்னு பேரு. வருஷத்துல முக்கால்வாசி நாள் அதுல ஊர்ச் சாக்கடைதான் ஓடும். ஐப்பசி கார்த்திகை வந்தாத்தான் அது ஆறுன்னு நமக்கு ஞாபகம் வரும்.

2015 நவம்பர், டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எங்க வீட்டுல தண்ணி வாசல் வழியா வரலை. தறிக்குழிக்குள்ளே இருந்து ஊறி மேலே வந்துச்சு. ராத்திரி சின்னவனைத் தொட்டில்ல போட்டுட்டு, நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு வாளி மாத்தி ஒரு வாளி குழியிலிருந்து இறைச்சோம். விடியக் குழியும் வாசலும் ஒரே மட்டம். பட்டு நூல் ஈரம் பட்டா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாவைச் சுருட்டி உத்தரத்துல கட்டினோம். அந்த மாசம் நெய்யலை, கூலி இல்லை. ஆனா வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி வந்து நின்னுச்சு. மழைக்கு வாடகை தெரியாது, வாடகைக்கும் மழை தெரியாது.

அங்கிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தோம். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நடந்து போற தூரம். நல்ல தரை, தண்ணி ஏறாத இடம். மாச வாடகை 3,000. அட்வான்ஸ் 30,000. கையில அவ்வளவு ஏது? தறி முதலாளிகிட்டதான் வாங்கினோம். இங்கே பல பேர் செய்யிறதுதான். அப்போ அது உதவியாத் தெரிஞ்சுச்சு. அப்புறம்தான் கணக்கு புரிஞ்சுச்சு. தறிக்கு முன்பணம் அவர்கிட்ட, வீட்டுக்கு முன்பணமும் அவர்கிட்ட. கூலி குறைச்சுக் கொடுத்தாலும் வேற முதலாளிகிட்ட போக முடியாது. போகணும்னா மொத்தப் பணத்தையும் வைக்கணும். அவரைக் குறை சொல்ல வரலை. ரெண்டு கயிறும் ஒரே கையில இருந்தா மாடு எந்தப் பக்கம் திரும்பும், சொல்லுங்க.

அந்த வீட்டுக்கு எழுத்து ஒண்ணும் இல்லை. ஓனர் வாயால சொன்னார், எங்க வீட்டுக்காரர் தலையாட்டினார். வாடகை கொடுக்கும்போது ஓனர் வீட்டுக் காலண்டர்ல ஒரு கோடு போடுவார். அதுதான் ரசீது. டிசம்பர் முடிஞ்சா காலண்டர் குப்பைக்குப் போயிடும். எங்க நாலு வருஷ வாடகையும் அப்படித்தான் குப்பைக்குப் போச்சு.

2019 வந்துச்சு. அத்தி வரதர் வர்றார்னு ஊரே விழாக்கோலம். 1979-க்கு அப்புறம் நாற்பது வருஷம் கழிச்சு வர்றார். ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரை 48 நாள் விழா. லட்சக்கணக்கான ஜனம். நானும் மாமியாரைக் கூட்டிக்கிட்டுப் போய் வரிசையில நின்னு கும்பிட்டேன். பெருமாள் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா அந்த 48 நாள் நம்ம ஊர் வீடுகளுக்கு என்ன ஆச்சு? மாச வாடகைக்கு விட்ட அறைக்கு ஒரு ராத்திரிக்கே நல்ல காசு கிடைச்சுச்சு. திண்ணைக்கும் காசு, குளியலறைக்கும் காசு, வண்டி நிறுத்தற இடத்துக்கும் காசு.

ஜூன் கடைசியில ஓனர் வந்தார். "சொந்தக்காரங்க வர்றாங்க. பத்து நாள்ல காலி பண்ணிக் கொடுங்க. பண்டிகை முடிஞ்சு வேணும்னா திரும்ப வாங்க"ன்னார். அப்போ தறியில பாவு ஏறியிருக்கு. மூணு சேலைப் பாவு. ஒரு சேலை அறுத்தாச்சு, ரெண்டாவது பாதியில நிக்குது. பாதிப் பாவுல தறியைக் கிளப்பினா என்ன ஆகும்? ஆயிரக்கணக்கான இழை. அறுத்துட்டு வேற வீட்டுல பூட்டினா, அத்தனையையும் மறுபடி ஒவ்வொண்ணாப் பிணைக்கணும். நடுவுல ஒரு இழை சிக்கினாலும் சேலையில கோடு விழும். கோடு விழுந்த சேலைக்குக் கூலி கிடையாது, அபராதம்தான். எங்க வீட்டுக்காரர் ஓனர் முன்னால நின்னு, "பாவு முடியற வரைக்கும் டைம் கொடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதை என் பொண்ணு கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. எனக்கு அதுதான் இன்னிக்கும் வலிக்குது.

செவ்வாய்க்கிழமை குழுக்கூட்டம். சந்தா கட்டப் போனவ அங்கே உட்கார்ந்து அழுதுட்டேன். எங்க குழுவுல 12 பேர். யாரும் வக்கீல் இல்லை. யாருக்கும் சட்டம் தெரியாது. ஆனா மூணு பேர் எழுந்து என்கூட வந்தாங்க. ஓனர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தாங்க. சண்டை போடலை. "ஐயா, உங்க வீட்டுலயும் நெசவு இருந்ததுதானே. பாதிப் பாவை அறுக்கச் சொல்லலாமா?"ன்னு அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், பாவு முடியற வரைக்கும் இருங்கன்னார். முன்னறையை மட்டும் யாத்திரைக்காரங்களுக்கு விட்டோம். நாங்க அஞ்சு பேர் தறிக்கூடத்துல படுத்தோம். ஆடி மாசம் பாவு முடிச்சுக் காலி பண்ணினோம்.

அட்வான்ஸ் 30,000-ல கைக்கு வந்தது 17,000. குழியை மூட, வெள்ளையடிக்க, ஜன்னல் கதவு உடைஞ்சதுக்குன்னு கணக்கு சொன்னார். ஜன்னல் நாங்க வரும்போதே உடைஞ்சுதான் இருந்துச்சு. அதுக்கு என்ன சாட்சி? காலண்டர்கூட இல்லை. அந்தச் சமயத்துல குழுவுல உள்கடனா 20,000 கொடுத்தாங்க. அதுல முதலாளி கணக்கை ஓரளவு தீர்த்தேன். அடுத்த வீட்டு அட்வான்ஸை என் கையால கொடுத்தேன். முதல் தடவையா வீட்டுக் கயிறு முதலாளி கையில இல்லை. 1989-ல தருமபுரியில இந்தக் குழு இயக்கம் தொடங்கின காலத்துல, மாசம் பத்து ரூபா இருபது ரூபா சேர்த்தா என்ன வந்துடப் போகுதுன்னு பேசினவங்க உண்டாம். என்ன வரும்னு எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். நான் அழுத அந்த 2019 ஜூன்ல, புது வாடகைச் சட்டம் அமலுக்கு வந்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு. 2017-ல போட்ட தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில இருக்கு. எனக்கும் தெரியாது, ஓனருக்கும் தெரியாது. பிறகு ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்துலதான் கேட்டேன். எனக்குப் புரிஞ்ச அளவுக்கு, நமக்கு உதவறதை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு. வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவுல வச்சாப் போதாது. வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணி எண் வாங்கணும். இணையத்துலயே பதியலாம். எழுத்து இல்லாட்டி நமக்குத்தான் ஆபத்து. ஒப்பந்தம் எழுதலைங்கிறதையே காரணமாக் காட்டி நம்மைக் காலி செய்யச் சொல்லிக் கேட்கச் சட்டத்துல வழி இருக்கு.

ரெண்டு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆனா, அதுக்கு மாறா நாமே ஒப்பந்தத்துல எழுதிக் கொடுத்துட்டா அந்தப் பாதுகாப்பு போயிடும். அதனால, படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. படிக்கத் தெரியலைன்னா பொண்ணைப் படிக்கச் சொல்லுங்க. அவசரப்படுத்தறவங்ககிட்ட, "நாளைக்குத் தர்றேன்"னு சொல்லுங்க.

மூணு. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பணும். நியாயம் எதுன்னு நிரூபிக்க, குடி போற அன்னிக்கே செல்போன்ல வீட்டைச் சுத்திப் படம் எடுத்து வச்சுக்கோங்க. உடைஞ்ச ஜன்னல், ஒழுகுற ஓடு, விரிசல் விட்ட சுவர் எல்லாத்தையும் எடுங்க. என் 13,000 ரூபாயில கத்துக்கிட்ட பாடம் இது. உங்களுக்கு இலவசமாத் தர்றேன்.

நாலு. வாடகை கொடுத்தா ரசீது கேளுங்க. வங்கி வழியாவோ போன் வழியாவோ அனுப்பினா அதுவே சாட்சி.

அஞ்சு. வாடகை ஏத்தறது ஒப்பந்தத்துல இருக்கிறபடிதான். அதுவும் மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும். வீட்டைப் பார்க்க ஓனர் உள்ளே வரணும்னாலும் 24 மணி நேரம் முன்னாடி தெரிவிக்கணும். தகராறுன்னா தண்ணியை நிறுத்தறது, கரண்டைப் பிடுங்கறது கூடாது. காலி செய்ய வைக்கணும்னா வாடகை நீதிமன்றம் வழியாத்தான். நாமும் காலம் முடிஞ்சா புதுப்பிக்கணும், இல்லைன்னா மரியாதையாக் காலி பண்ணணும். சட்டம் ரெண்டு பக்கமும் பேசுது.

நெசவு செய்யிறவங்க ஒப்பந்தத்துல இன்னும் ரெண்டு வரி சேர்க்கணும்னு நான் கேட்டுக்கிறேன். இது சட்டத்துல இல்லை, என் அனுபவத்துல வந்தது. "தறிக்குழி தோண்ட சம்மதம், காலி செய்யும்போது குழி மூடும் செலவு இவ்வளவு"ன்னு ஒரு வரி. "தறியில் பாவு இருந்தால் அது முடியும் வரை அவகாசம்"னு ஒரு வரி. ஓனர் ஒத்துக்கிட்டா போதும், எழுதிடலாம்.

ஒப்பந்தத்தை யார் பேர்ல எழுதறது? பொம்பளைங்க பேர்லயும் எழுதுங்க. என் சிநேகிதி ஒருத்தங்க, வீட்டுக்காரர் தவறின பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே, "குடித்தனம் யார் பேர்ல?"ன்னு கேட்கப்பட்டாங்க. கட்டினது எல்லாம் இவங்க தார் சுத்தின காசு. பேர் மட்டும் இவங்களுது இல்லை.

காகிதம் இல்லாட்டி வேற கஷ்டமும் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்னிக்கு மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கினது நம்ம காஞ்சிபுரத்துலதான். நமக்கெல்லாம் பெருமை. அதுக்கு விண்ணப்பம் வாங்கினது ரேஷன் கடை வாரியா. வீடு மாறி மாறி, குடும்ப அட்டை மட்டும் பழைய தெருவிலேயே தங்கிப் போனவங்க அன்னிக்கு எவ்வளவு அலைஞ்சாங்கன்னு முகாம்ல உட்கார்ந்து படிவம் எழுதிக் கொடுத்த நமக்குத் தெரியும். கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் இருக்கு. மீட்டர் ஓனர் பேர்ல, தறி நம்ம பேர்ல. கையெழுத்துக்கு நடக்கிறதுல செருப்பு தேயுது. எங்க குழுவுல நாலு பேர் விலகினதுக்குக் காரணம் கடன் இல்லை, சண்டை இல்லை. வீடு மாறித் தூரமாப் போயிட்டாங்க. ஒரு வீடு காலியானா ஒரு குழுவுலயும் ஒரு இடம் காலியாகுது.

இந்த ஊர்ல இன்னும் ரெண்டு வகை வீடு இருக்கு. ஒண்ணு, கோயில் மனை. வீடு நம்மது, அடிமனை சாமியோடது. அதுக்குக் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டணும். பாக்கி வைக்காம கட்டுங்க, ரசீதைப் பத்திரமா வைங்க. அதுக்கு வழி அறநிலையத் துறையில, வாடகை அதிகாரிகிட்ட இல்லை. இன்னொண்ணு, வேகவதி ஆத்துப் புறம்போக்குல இருந்தவங்களுக்குக் கீழ்கதிர்ப்பூர்ல அரசு கட்டின அடுக்குமாடி. 2,000-க்கு மேல வீடு. வெள்ளத்துக்குப் பயமில்லை, கழிப்பறை இருக்கு, கதவு இருக்கு. நல்லதுதான். ஆனா மாடியில குழி தோண்ட முடியுமா? வேலைக்குப் போற இடம் இங்கே, படுக்கிற இடம் அங்கே. ஆறும் வாழணும், ஆத்தோரம் இருந்தவங்களும் வாழணும். ஜனங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாத்தும்போது அவங்க தொழிலும் கூடவே போகுதான்னு பார்க்கணும்னு இங்கே வந்திருக்கிற அலுவலர்களைப் பணிவோட கேட்டுக்கிறேன்.

நம்ம ஊர்ல ஒரு கதை உண்டு. சின்னப் பிள்ளையிலேயே கேட்டிருப்பீங்க. திருமழிசை ஆழ்வாரோட சீடர் கணிகண்ணனை ராஜா ஊரை விட்டுப் போகச் சொல்லிட்டார். சீடர் போனா நானும் போறேன்னு ஆழ்வார் கிளம்பினார். நீயும் கிளம்புன்னு திருவெஃகாப் பெருமாளையும் கூப்பிட்டார். பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாலேயே போயிட்டார். அவங்க ஒரு ராத்திரி தங்கின இடம்தான் ஓர் இரவு இருக்கை, இன்னிக்கு நாம ஓரிக்கைன்னு சொல்றது. ஊர் இருண்டு போச்சு. ராஜா ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தார். சொன்னபடி செஞ்சதால அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள்னு பேரு.

எங்க மாமியார் இதை பக்திக் கதையாச் சொல்வாங்க. ஒவ்வொரு தடவை பாய் சுருட்டும்போதும் எனக்கு அது வீடு காலி செய்யிற கதையாத் தெரியும். ஒருத்தனைப் போன்னு சொன்னப்போ, கூட ரெண்டு பேர் எழுந்தாங்க. அதனாலதான் ராஜா இறங்கி வந்தார். எனக்காகத் திண்ணையில வந்து உட்கார்ந்த அந்த மூணு பேரை நினைச்சா இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

இதோட முடிச்சிருந்தா என் பேச்சு கேட்க நல்லா இருக்கும். ஆனா இன்னொண்ணு பாக்கி இருக்கு. அதைச் சொல்லாம இறங்கினா நான் பேசினது பாதிப் பொய்.

மூணு வருஷம் முன்னாடி மாமனார் வழிப் பாகம் பிரிஞ்சு, பிள்ளையார்பாளையத்துல எங்களுக்கு ஒரு பழைய வீடு வந்துச்சு. வங்கி இணைப்புக் கடன்ல ஓட்டை மாத்தினோம். முன்பக்கம் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டேன். கடனும் கட்டணும் இல்லையா? ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் இல்லை. ரெண்டு பொண்ணுங்க. தறி வச்சுக்கணும்னு கேட்டாங்க. நான் என்ன கேட்டேன் தெரியுமா? எத்தனை பேர்னு கேட்டேன். ஆம்பளை துணை இல்லையான்னு கேட்டேன். அப்புறம், குரலைத் தாழ்த்தி, அந்த நாலாவது கேள்வியையும் கேட்டேன். அவங்க பதில் சொன்னாங்க. "தரையைப் புதுசாப் போட்டிருக்கோம், குழி தோண்டறது சரிப்படாது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

தரை காரணம் இல்லை. எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

அடுத்த மாசக் கூட்டமைப்புக் கூட்டத்துல அவங்க வேற குழுவோட பிரதிநிதியா வந்து என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. கோபமா ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். "வீடு கிடைச்சுதா?"ன்னு கேட்டேன். "ஆத்துப் பக்கம் கிடைச்சுது"ன்னாங்க. 2015-ல நான் தண்ணி இறைச்ச அதே ஆத்துப் பக்கம். என் பொண்ணு கதவோரமா நின்னு பார்த்த மாதிரி அவங்க பொண்ணுங்களும் என் வாசல்ல நின்னுதான் பார்த்திருக்காங்க.

அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுக்குள்ள அவங்க அங்கே அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க. இன்னிக்கு இந்த மண்டபத்துல உட்கார்ந்திருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசறேன். "சொல்லு, நாலு பேர் கேட்கட்டும்"னாங்க. இப்போ என் போர்ஷன்ல ஒரு அம்மாவும் பொண்ணும் இருக்காங்க. ஒப்பந்தம் அந்த அம்மா பேர்ல. அட்வான்ஸ் மூணு மாசம். தறிக்குழி தோண்டியிருக்காங்க. தரை ஒண்ணும் ஆகலை.

கடைசியா, கூட்டமைப்புக்கு நான் வைக்கிற கோரிக்கை நாலு. முதலாவது, உள்கடன்ல வீட்டு அட்வான்ஸுக்குன்னு ஒரு இனம் வேணும். அவசரத்துக்கு முதலாளிகிட்டயோ வாரக்கடன்காரங்ககிட்டயோ போகாத அளவுக்கு இருந்தாப் போதும். ரெண்டாவது, ஒப்பந்தம் எழுதவும் பதியவும் தெரிஞ்ச ரெண்டு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, மாசத்துல ஒரு நாள் கூட்டமைப்பு அலுவலகத்துல உட்கார வைக்கணும். மூணாவது, எந்த உறுப்பினர் வீட்டுல போர்ஷன் காலி, எந்த உறுப்பினருக்கு வீடு வேணும்னு ஒரு நோட்டு போடணும். ஊர் முழுக்க அலையாம, அந்த நோட்டை முதல்ல பார்க்கணும்.

நாலாவது கோரிக்கை கூட்டமைப்புக்கு இல்லை, வீடு விடுற நமக்கு. அந்த நாலாவது கேள்வியை நாம கேட்க வேண்டாம். வாடகை ஒழுங்காத் தருவாங்களான்னு கேளுங்க, அது நியாயம். அதுக்குக் குழுவோட சேமிப்புப் புத்தகத்தைப் பார்த்தாலே போதும். அதைவிட நல்ல சான்றிதழ் எந்த ஆபீஸ்லயும் கிடைக்காது.

காலாட்டிப் பிழைக்கிற ஊர் இது. யாரோட காலுக்கும் குழி இல்லைன்னு சொல்ற ஊரா இது ஆகிடக் கூடாது.